வீடற்ற இளையோருக்கான சேவையில் இருப்பவர்கள் ஏன் நிலைப்பதில்லை?

நெடுவழி எழுதியது:

வணக்கம். 16 முதல் 24 வயது வரை உள்ள, போக இடமில்லாத பிள்ளைகளுக்கான ஒரு தங்குமிடத்தில் குழுப் பொறுப்பாளராக இருக்கிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள், இப்படிப்பட்ட இடங்களில் தங்கி வளர்ந்தவர்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்: நம்மவர்கள் ஏன் இத்தனை சீக்கிரம் வேலையை விட்டுப் போகிறார்கள்?

சம்பளம் குறைவு என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அது உண்மைதான். ஆனால் அதே சம்பளத்தில் பல வருடம் நிலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் நல்ல சம்பளத்திலும் வந்த வேகத்தில் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் சம்பளத்தோடு பேச்சை முடித்துவிட எனக்கு மனமில்லை.

சமீபத்தில் ஒரு பெண்ணின் கோப்பைப் புதிதாகச் சேர்ந்தவரிடம் ஒப்படைக்க எடுத்தேன். முதல் பக்கத்தில் 'பொறுப்புப் பணியாளர்' என்ற கட்டத்தில் ஒரு பெயர் எழுதி அடித்திருந்தது. அதற்கு மேல் இன்னொரு பெயர், அதுவும் அடித்தது. கட்டத்தில் இடம் போதாமல் அடுத்த பெயர் ஓரத்தில் ஏறியிருந்தது. அந்த ஒவ்வொருவரிடமும் அவள் தன் வீட்டில் நடந்ததை முதலிலிருந்து சொல்லியிருக்கிறாள். ஒரு கட்டத்துக்குப் பிறகு குறிப்புகள் மாறிவிட்டன. "பேச விருப்பமில்லை", "ஒத்துழைப்பு குறைவு" என்று பக்கம் பக்கமாக. ஒத்துழைப்பு அவளிடமா குறைந்தது?

நான் சொல்ல வருவது இதுதான். படுக்கையும் சாப்பாடும் பூட்டுப் போட்ட அலமாரியும் தேவை. ஆனால் பெரியவர்கள் கைவிட்டதால் தெருவுக்கு வந்த பிள்ளைக்கு, போகாமல் இருக்கும் ஒரு பெரியவர்தான் சேவை. நாமும் மாறி மாறிக் காணாமல் போனால், வீட்டில் நடந்ததையே நாம் சீருடை போட்டுத் திரும்பச் செய்கிறோம். எனவே பணியாளரை எப்படி நிலைக்க வைப்பது என்பதை வெறும் நிர்வாக விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

விழித்திருப்பவன் எழுதியது:

நான் நைட் ஷிஃப்ட் ஆள். இந்த இழையில் பகல் ஆட்கள்தான் நிறைய எழுதுவார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன்.

இரவுப் பணியில் இரண்டு வகை உண்டு. முழு இரவும் கண்விழித்திருப்பது ஒன்று. அங்கேயே படுத்து, கூப்பிட்டால் எழுந்திருப்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பெரும்பாலும் கூலி குறைவு, ஆனால் கூப்பிடாத இரவு என்று ஒன்று அரிது. எந்த வகையானாலும் நிர்வாகத்தின் கண்ணில் நாங்கள் வாட்ச்மேன்தான். ட்ரெய்னிங் எல்லாம் காலை பதினோரு மணிக்கு வைப்பார்கள், நாங்கள் தூங்கும் நேரம். குழுக் கூட்டத்துக்கும் கூப்பிடமாட்டார்கள்.

ஆனால் பிள்ளைகள் பேசுவது இரவில்தான். பகலில் ஆபீஸ் கதவு, போன் சத்தம், கூட இருக்கும் பசங்களின் பார்வை. நள்ளிரவு தாண்டி ஒன்றரை, இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க வருவதுபோல் வருவார்கள். கதவில் சாய்ந்து நிற்பார்கள். "உட்கார்" என்று சொன்னால் போய்விடுவார்கள். அதனால் நான் சொல்வதில்லை. கையில் இருக்கும் வேலையை, துணி மடிப்பதோ பதிவேடு எழுதுவதோ, தொடர்ந்து செய்துகொண்டே இருப்பேன். முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவர்களுக்குச் சுலபம்.

புதிதாக வந்த பையன் ஷூவோடு படுப்பான், பை வாரைக் கையில் சுற்றிக்கொண்டு. புது ஆட்கள் அக்கறையாக, "ஷூவைக் கழற்றிவிட்டுப் படுப்பா" என்பார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். தெருவில் ஷூவைக் கழற்றினால் காலையில் ஷூ இருக்காது. ராத்திரி ஓட வேண்டி வந்தால் ஓடவும் முடியாது. எப்போது கழற்றுவது என்பது அவன் முடிவாக இருக்கட்டும். கழற்றி, கட்டிலுக்குக் கீழே ஜோடியாக வைத்திருப்பதைப் பார்த்த இரவு அதைப் பதிவேட்டில் எழுதிவைப்பேன். பகல் ஆட்களுக்கு அது ஒரு வரி. எனக்கு அந்த வாரத்தின் பெரிய செய்தி அதுதான்.

நெடுவழி, நீங்கள் கேட்டதற்குப் பதில்: எங்களுக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இரவு ஆட்கள் போகிறார்கள். தூக்கம் கெடுவது இரண்டாவது காரணம்.

---

வேனில் எழுதியது:

சமூகப்பணியில் பட்டம் முடித்துவிட்டு, இதே துறையில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். விளம்பரத்தில் "இளையோரை வலுப்படுத்தும் பணி" என்று போடுகிறார்கள். காலையில் போய் மாலையில் வரும்வரை உண்மையில் என்ன செய்வீர்கள்? படித்த புத்தகங்களில் கோட்பாடு இருக்கிறது, ஒரு நாள் எப்படிப் போகும் என்பது இல்லை.

---

படிவம் எழுதியது:

வேனில், என் நாளில் பாதி வரிசையில் நிற்பதில் போகிறது. மீதியில் பாதி, போனில் காத்திருப்பதில்.

நான் கேஸ் வொர்க்கர், பிள்ளைகளுக்கு அடையாள அட்டை, வேலை, அறை என்று ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்ய அவர்களோடு கூடப் போகிறவன். பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் வட்டம் இதுதான்: விலாசம் இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் முறையான வேலை இல்லை, வேலை இல்லாமல் வாடகைக்கு அறை இல்லை, அறை இல்லாமல் விலாசம் இல்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் இதை உடைக்க வேண்டும். பெரும்பாலும் தங்குமிடத்தின் விலாசத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து உடைப்போம். பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருக்கும், வீட்டில் கொடுக்கமாட்டார்கள். நகல் எடுக்க ஒரு விண்ணப்பம், அதற்கு ஒரு அடையாளச் சான்று. மறுபடியும் வட்டம்.

கவுன்டரில் இருப்பவர் சாதாரணமாக "அப்பா பெயர்?" என்று கேட்பார். என் பக்கத்தில் நிற்கும் பையன் திரும்பி வெளியே நடந்துவிடுவான். காலை முழுக்க நின்ற வரிசை போச்சு. அதனால் இப்போதெல்லாம் முந்தின நாளே உட்கார்ந்து, என்னென்ன கேட்பார்கள், எதற்கு அவன் பதில் சொல்வான், எதற்கு நான் சொல்வேன் என்று பேசி வைத்துக்கொள்கிறோம். இதைப் படிப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

அறை கிடைத்த பிறகு வேலை முடிந்தது என்று எழுதிவிடும் சேவைகள் நிறைய. அங்கேதான் ஆபத்து. வருடக்கணக்கில் கூட்டத்தில் படுத்த பிள்ளைக்குத் தனி அறையின் நிசப்தம் தாங்காது. பழைய நண்பர்களைக் கூட்டி வருவான், அக்கம்பக்கத்தில் புகார் வரும், சாவியை விட்டுவிட்டுத் திரும்பத் தெருவுக்கே போவான். 1990களில் நியூயார்க்கில் ஒரு முறையைச் சோதித்தார்கள்: தங்குமிடத்தில் பழகிய அதே பணியாளர், வெளியே போன பிறகும் ஒன்பது மாதம் கூடவே இருப்பது. முதல் மூன்று மாதம் நெருக்கமாக, அடுத்த மூன்று மாதம் அவர் தானே செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, கடைசி மூன்று மாதம் மெல்ல விலகி, அந்த ஊரில் யாரிடம் போகலாம் என்று கைமாற்றிவிட்டு. மனநோயோடு இருந்த வீடற்ற ஆண்களுக்காக ஆரம்பித்த முறை அது, பிறகு மற்றவர்களுக்கும் பரவியது. எனக்கு அதில் பிடித்தது 'அதே பணியாளர்' என்ற இடம். நெடுவழி சொன்னதும் அதுதானே.

---

தெருமுனை எழுதியது:

களப்பணி பற்றி நான் சொல்கிறேன். நாங்கள் கட்டடத்துக்குள் வராத பிள்ளைகளைத் தேடிப் போகிறவர்கள்.

எப்போதும் இரண்டு பேராகப் போவோம். அதே கிழமை, அதே நேரம், அதே வழி. மழை பெய்தாலும் போவோம், மழையில்தான் கண்டிப்பாகப் போவோம். தூங்குபவரை எழுப்பமாட்டோம். தலைக்கு மேல் நின்று பேசமாட்டோம், "உட்காரலாமா?" என்று கேட்டு, சரி என்றால்தான் உட்காருவோம். முதலில் பெயர் கேட்கமாட்டோம். பெயர் கேட்பவர்கள் போலீஸ் அல்லது வேறு ஏதோ ஒரு ஆபீஸ் என்பது அவர்களுடைய அனுபவம்.

பையில் என்ன இருக்கும் தெரியுமா? காலுறை, நாப்கின், போன் சார்ஜ் ஏற்ற பவர் பேங்க், காயத்துக்கு மருந்து. தெருவில் இருப்பவர்களுக்கு முதலில் கெடுவது கால்தான். ஈரக் காலுறையோடு நாள் முழுக்க நடந்தால் தோல் வெந்துபோகும். உலர்ந்த காலுறை ஒரு ஜோடி கொடுத்துவிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதுவே ஒரு பேச்சின் தொடக்கம். போன் சார்ஜும் அப்படித்தான். போன் அணைந்தால் வேலைக்கு அழைப்பு வராது, தங்குமிடத்தில் இடம் காலியானதும் தெரியாது.

ஆனால் நடைபாதையில் படுத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இளையோரில் பெரும்பாலானவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். ஒரு வாரம் நண்பன் வீட்டு சோபா, அடுத்த வாரம் தூரத்து உறவு, நடுவில் இரண்டு இரவு பஸ்ஸில். ஐரோப்பாவில் 2005இல் வகுத்த வீடின்மை வரையறை, தெரிந்தவர் வீட்டில் தற்காலிகமாக ஒண்டியிருப்பதையும் கணக்கில் சேர்க்கிறது. அது சரியான முடிவு. படுக்க இடம் கொடுத்தவன் பதிலுக்கு என்ன கேட்கிறான் என்பதை இந்தப் பிள்ளைகள் கடைசியில்தான் சொல்வார்கள், சிலர் சொல்லவே மாட்டார்கள். அதைச் சொல்லும் நாள் வரும்போது அங்கே உட்கார்ந்திருப்பது, காலுறை கொடுத்த அதே முகமாக இருக்க வேண்டும்.

எங்கள் வேலையில் வாக்குக் கொடுப்பதுதான் பெரிய பாவம். "உனக்கு ஒரு இடம் பார்த்துத் தருகிறேன்" என்று சொல்லக் கூடாது. "செவ்வாய்க்கிழமை வருவேன்" என்று சொல்லலாம், செவ்வாய்க்கிழமை போகலாம்.

---

கேள்விக்குறி எழுதியது:

எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள், மறுக்கவில்லை. ஒரு தகப்பனாகக் கேட்கிறேன். வீட்டில் சண்டை போட்டுக் கோபித்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு இடம், சாப்பாடு, பேச ஒரு ஆள் என்று எல்லாம் கொடுத்தால், திரும்பிப் போக ஏன் தோன்றும்? முதல் வேலையாக வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதானே முறை?

---

நெடுவழி எழுதியது:

//முதல் வேலையாக வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதானே முறை?//

நியாயமான கேள்வி, ஐயா. கோபித்துக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் ஒன்றிரண்டு இரவில் தாங்களாகவே போய்விடுவார்கள், நாங்களும் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசி, வேண்டுமானால் கூடவே போய் விட்டுவிட்டு வருவோம். குடும்பத்தோடு சமாதானம் பேசுவது எங்கள் வேலையின் ஒரு பெரிய பகுதி. 18 வயது நிரம்பாதவர் என்றால் சட்டப்படி தகவல் சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு, அதில் எங்களுக்கு விருப்பம் வெறுப்பு இல்லை.

ஆனால் வாரக்கணக்கில் தங்குபவர்களின் கதை வேறு. வீட்டில் அடி. அதைவிட மோசமானதும் உண்டு. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புதுத் துணை வந்த பிறகு, "நீ இங்கே வேண்டாம்" என்று கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. தன் பாலின ஈர்ப்பைச் சொன்ன இரவே வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, 18 முதல் 25 வயதுள்ளவர்களில் 10இல் ஒருவரும், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 30இல் ஒருவரும் ஒரே வருடத்துக்குள் ஏதோ ஒரு வகையில் வீடின்றி இருந்திருக்கிறார்கள். ஒருபாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சோபாவில் படுத்தவர்களையும் சேர்த்த கணக்கு அது. இத்தனை பேரும் கோபித்துக்கொண்டு வந்தவர்களாக இருக்க முடியாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்குத் திரும்பிப் போக வீடே இல்லை. குழந்தைகள் இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ இருந்து, 18ஆவது பிறந்தநாளோடு வெளியே வருபவர்கள். பல நாடுகள் இதைப் பார்த்துவிட்டுச் சட்டத்தை மாற்றியிருக்கின்றன. அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம் 21 வயதுவரை பராமரிப்பை நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி செய்தது. இந்தியாவின் 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தை விட்டு வருபவர்களுக்கு 21 வயதுவரை பின்பராமரிப்பு என்று பேசுகிறது. சட்டத்தில் வயது நீண்டாலும், கூட வர ஒரு ஆள் இருந்தால்தான் அது பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

---

மூன்றாம்_மாடி எழுதியது:

நான் இப்படி ஒரு இடத்தில் வளர்ந்தவன். 17 வயதில் போனேன். இப்போது அதே துறையில் வேலை செய்கிறேன், அனுபவத்தால் வந்த பணியாளர் என்ற பெயரில்.

எங்களுக்குப் பணியாளர்களைப் பற்றி எல்லாம் தெரியும். யார் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுகிறார், யார் போன் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறார், யாருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. கடைசியானது எப்போதும் அவர்கள் சொல்வதற்கு முன்பே தெரியும். திடீரென்று அன்பாக இருப்பார்கள், அப்புறம் ஒரு திங்கட்கிழமை இருக்கமாட்டார்கள். கேட்டால் புது ஆள், "அவர் இங்கே இப்போது இல்லை, நான்தான் இனிமேல்" என்பார்.

ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி போனார். ஆறு வாரம் இருக்கும்போதே எங்களைக் கூப்பிட்டு, நான் போகிறேன், இந்தத் தேதியில் என்று காலண்டரில் வட்டம் போட்டுச் சொன்னார். ஏன் என்றும் சொன்னார்: "எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, இரவு வேலை முடியாது." நான் அவரிடம் இரண்டு வாரம் பேசவில்லை. அவர் தினமும் வந்து, பேசாமல் இருப்பது பரவாயில்லை, நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி நாளில், என் பொறுப்பை எடுத்துக்கொள்பவரை அழைத்து வந்து, மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து, எதை அவருக்குச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று என்னையே முடிவு செய்ய வைத்தார். யாராவது என்னை விட்டுப் போகும்போது அதில் என் பேச்சுக்கும் இடம் இருந்தது அதுதான் முதல் தடவை.

எனவே நெடுவழி, எல்லோரையும் நிலைக்க வைக்க முடியாது. போகத்தான் போவார்கள். எப்படிப் போகிறார்கள் என்பதற்கு ஒரு முறை வையுங்கள். அதற்கு ஃபண்டிங் தேவையில்லை.

என் மாதிரி ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களை வேலைக்கு எடுப்பது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது, நல்லதுதான். ஆனால் கூட்டத்தில் "உன் கதையைச் சொல்லு" என்று நிறுத்துவார்கள், சம்பளப் பட்டியலில் கீழே வைப்பார்கள். நான் தங்கியிருந்த காலத்து நண்பர்கள் சிலர் இன்னும் தெருவில் இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவர்களைப் பார்ப்பேன். எனக்கு ஷிஃப்ட் எங்கே முடிகிறது? இதைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்.

---

கேள்விக்குறி எழுதியது:

படித்தேன் தம்பி. 18 வயதோடு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. என் மகனுக்கு 18தான் ஆகிறது.

---

ஆலமரம் எழுதியது:

உளவியல் ஆலோசகர். பல தங்குமிடப் பணியாளர்களுக்கு சூப்பர்விஷன் கொடுக்கிறேன், அதாவது வேலை அவர்கள் மனதை என்ன செய்கிறது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

மூன்றாம்_மாடி சொன்ன கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த வேலையில் இரண்டு விதமான சோர்வு வரும், இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று, வேலைப் பளுவால் வரும் சோர்வு. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் அதை அளக்க ஒரு வினாப்பட்டியல் கொண்டுவந்தார்கள்: மனம் வறண்டுபோவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் கேஸாகப் பார்ப்பது, நான் எதையும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. இது மெல்ல ஏறும். லீவு, ஆள் பலம், ஒருவருக்கு இத்தனை பேர் என்ற வரம்பு, இவற்றால் குறையும்.

இரண்டாவது, கேட்டுக் கேட்டே உள்ளே இறங்கும் காயம். அடுத்தவருக்கு நடந்த கொடுமையைத் தினமும் கேட்பவரின் மனதில், உலகம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையே அசைந்துவிடும். தன் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்குக்கூட அனுப்ப பயப்படுவார்கள். லீவு போட்டால் இது போகாது. லீவில் யோசிக்க நேரம் கிடைப்பதால் கூடவும் செய்யும். இதற்கு வேண்டியது, முறையாக, தவறாமல், மேலதிகாரி அல்லாத ஒருவரோடு உட்கார்ந்து பேசும் நேரம். பல இடங்களில் சூப்பர்விஷன் என்ற பெயரில் நடப்பது ரிப்போர்ட் சரிபார்ப்பு. "அந்தப் படிவம் ஏன் பாக்கி?" என்று கேட்பவரிடம் "எனக்குக் கனவில் அந்தப் பெண் வருகிறாள்" என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்று. தற்கொலை முயற்சி, கத்திக்குத்து மாதிரி ஏதாவது நடந்தால், மறுநாளே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்ல வைக்கும் வழக்கம் இருக்கிறது. கட்டாயப்படுத்திச் செய்யும் அந்த ஒரே அமர்வு பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அன்றைக்கு வேண்டியது வீட்டுக்குப் போக வண்டி, மறுநாள் ஷிஃப்டுக்கு மாற்று ஆள், ஒரு வாரம் கழித்து "தூக்கம் வருகிறதா?" என்று ஒரு போன். பேச விரும்புபவருக்குப் பேச இடம் இருக்கட்டும், கட்டாயம் வேண்டாம்.

எல்லைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் போன் நம்பர் கொடுப்பது, கைக்காசு கொடுப்பது, லீவு நாளில் போய்ப் பார்ப்பது: இவை மூன்றும் அன்பில்தான் ஆரம்பிக்கும், பணியாளர் உடைந்துபோவதில் முடியும்.

---

மூன்றாம்_மாடி எழுதியது:

//எல்லைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்//

மரியாதையோடு மறுக்கிறேன். பிறந்தநாளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்ததற்காக ஒரு பணியாளருக்கு மெமோ கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு அதற்கு முன் யாரும் எதையும் வாங்கிக் கொடுத்ததில்லை. பேனாவைத் திருப்பி வாங்கினார்கள். எல்லை என்று நீங்கள் சொல்வதை, நாங்கள் அந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது, "நீ எனக்குச் சம்பள நேரத்தில் மட்டும் மனுஷன்" என்றுதான் கேட்கிறது.

---

ஆலமரம் எழுதியது:

பேனாவைத் திருப்பி வாங்கியது கொடுமை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை, அதை எல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நான் பயப்படுவது ரகசியத்துக்கு. பணியாளர் ஒருவர் செய்யும் உதவி குழுவுக்குத் தெரியாமல் நடந்தால், நாளைக்கு அவர் விலகும்போது அந்தப் பிள்ளைக்கு எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். குழு அறிய, பதிவேட்டில் எழுதி, "இவனுக்குப் பிறந்தநாள், பேனா கொடுக்கிறோம்" என்று செய்தால் அது தங்குமிடத்தின் வழக்கமாகிவிடும். அடுத்தவர் வந்தாலும் தொடரும். நம்பரும் அப்படியே. சொந்த நம்பருக்குப் பதில் எப்போதும் யாராவது எடுக்கும் ஒரே நம்பர், வெளியே போன பிறகும் கூப்பிடலாம் என்ற உரிமையோடு. உங்களுக்கு இது ஒத்து வருமா?

---

மூன்றாம்_மாடி எழுதியது:

போன் எடுப்பவருக்கு என் பெயர் தெரிந்திருந்தால், சரி.

---

கணக்கன் எழுதியது:

நான் நிர்வாகப் பக்கம். எங்களைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

இந்தச் சேவைகளில் பெரும்பகுதி வருடாந்திர நிதியில் ஓடுகிறது. ஒப்பந்தம் 12 மாதம். அடுத்த வருடம் உண்டா என்று பத்தாவது மாதம்வரை எனக்கே தெரியாது. குடும்பம் உள்ள ஒரு பணியாளர் எட்டாவது மாதத்திலேயே வேறு வேலை தேட ஆரம்பிப்பதில் என்ன தவறு? நல்ல ஆட்கள்தான் முதலில் போவார்கள், அவர்களுக்குத்தான் வேறு இடம் கிடைக்கும். பிறகு நிதி வரும், ஆள் இருக்கமாட்டார். பணியாளர் ஒப்பந்தத்தை மூன்று வருடமாக்க அனுமதி கேட்டு ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். "சேவைக்குத்தான் நிதி, நிர்வாகச் செலவுக்கு இல்லை" என்று பதில் வருகிறது. ஆள்தான் சேவை என்று நெடுவழி எழுதியதை அப்படியே அடுத்த விண்ணப்பத்தில் எழுதப்போகிறேன்.

நிதி கொடுப்பவர் கேட்பதும் எண்ணிக்கை: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள். தெருமுனை மாதிரி ஒருவர், ஒரு பெண்ணோடு மாதக்கணக்கில் பழகி அவளை ஒரு டாக்டரிடம் போக வைத்தால், அதற்கு என் படிவத்தில் கட்டமே இல்லை.

ஒரு நல்ல மாற்றமும் சொல்ல வேண்டும். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய முறை, போதையை விட்டால்தான் வீடு, மருந்து சாப்பிட்டால்தான் வீடு என்ற நிபந்தனைகளை எடுத்துவிட்டு, முதலில் வீடு, கூடவே வேண்டிய உதவி என்று மாற்றியது. பின்லாந்து 2008இலிருந்து அதை நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. கனடாவில் இளையோருக்கென்று அதைத் திருத்தி அமைத்திருக்கிறார்கள். இதனால் பணியாளருக்கும் ஒரு விடுதலை. விதியை மீறியதற்காக ஒரு பிள்ளையை வெளியே அனுப்பும் வேலை பெருமளவு குறைகிறது.

---

விழித்திருப்பவன் எழுதியது:

//வெளியே அனுப்பும் வேலை//

அதைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது. நல்லவேளை நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

சண்டை போட்டான், கத்தி வைத்திருந்தான், தடை செய்யப்பட்ட பொருள் உள்ளே கொண்டுவந்தான். விதிப்படி வெளியேற்ற வேண்டும். பகலில் முடிவெடுப்பார்கள், செய்வது பெரும்பாலும் சாயங்காலம், இரவு ஆள் வந்த பிறகு. மற்ற பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது தேவைப்படும் சமயங்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிறையப் பேர் இந்த வேலையை விட்டது அப்படி ஒரு இரவுக்குப் பிறகுதான். எதற்கு இந்த வேலைக்கு வந்தோமோ அதற்கு நேர் எதிரானதை, தன் கையால் கதவைத் திறந்து பிடித்துச் செய்ய வேண்டி வருகிறது.

எங்கள் இடத்தில் பல சண்டைக்குப் பிறகு சில விஷயங்களை மாற்ற வைத்தோம். இருட்டிய பிறகு வெளியேற்றம் இல்லை, ஆபத்து என்றால் வேறு இடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவோம். முடிவெடுத்தவர் நேரில் வந்து சொல்ல வேண்டும், ஷிஃப்டில் இருப்பவர் தலையில் கட்டக் கூடாது. என்ன செய்தால் எப்போது திரும்ப வரலாம் என்பதை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். களப்பணி ஆட்களுக்கு அன்று இரவே தகவல் போக வேண்டும். இதற்குப் பிறகு இரவுக் குழுவில் ஆட்கள் நிலைக்கத் தொடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

---

நெடுவழி எழுதியது:

இருட்டிய பிறகு வெளியேற்றம் இல்லை என்பதையும், விலகும் பணியாளர் ஆறு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்கிறேன். கூட்டத்தை இரவு ஆட்கள் வரக்கூடிய நேரத்துக்கு, ஷிஃப்ட் மாறும் வேளைக்கு, மாற்றியும் விடுகிறேன். அந்தப் பெண்ணின் கோப்பை இன்னும் நான் ஒப்படைக்கவில்லை. கொஞ்ச காலம் நானே அவளுடைய பொறுப்புப் பணியாளராக இருக்கிறேன், புதியவரை மெல்லச் சேர்த்துக்கொள்கிறோம்.

---

வேனில் எழுதியது:

எல்லாவற்றையும் படித்துவிட்டு விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்களே, அப்போது என்ன கேட்கட்டும்?

---

ஆலமரம் எழுதியது:

சூப்பர்விஷன் யார் கொடுப்பார், எத்தனை வாரத்துக்கு ஒரு முறை, அவரே உங்கள் மதிப்பீட்டையும் எழுதுவாரா என்று கேளுங்கள். "எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம்" என்று பதில் வந்தால், நாள் கிழமை குறிக்கச் சொல்லுங்கள்.

---

படிவம் எழுதியது:

ஒருவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். அறை கிடைத்து வெளியே போனவர்கள் அந்த எண்ணிக்கையில் சேர்வார்களா என்றும் கேளுங்கள். சேரமாட்டார்கள் என்றால், அவர்களை யாரும் பார்ப்பதில்லை.

---

மூன்றாம்_மாடி எழுதியது:

இந்த இடத்தில் உங்களுக்கு முன் இருந்தவர் எப்படிப் போனார், பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனாரா என்று கேளுங்கள் அக்கா. அங்கே தங்கியிருக்கும் யாராவது நேர்காணல் குழுவில் உட்கார்ந்திருந்தால் அவர்களைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

---

விழித்திருப்பவன் எழுதியது:

இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். ஒருவர் மட்டும் என்றால், அவசரத்துக்கு அவர் யாரைக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்வார் என்று கேளுங்கள். அதற்குச் சரியான பதில் இல்லாத இடத்தில் சேர வேண்டாம் தங்கச்சி, வேறு இடம் பாருங்கள். இந்தத் துறையில் ஆள் தேவைப்படும் இடங்களுக்குப் பஞ்சமில்லை.